‘வெறுந்தொட்டில்’ படத்துக்கு நான் எழுதிய முடிவு

போன மாதம் நம் ஞாயிறு மலரில், பழைய பேசும் படங்களைப் பற்றிய பகுதியில், உங்களில் ஒருவர் ‘வெறுந்தொட்டில்’ என்ற படத்தைப் பற்றி அரைப் பத்தி எழுதியிருந்தார். குழந்தையைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பேய் பிடிப்பதாகவும், ‘முடிவில் வேப்பிலையும் பிரம்பும் பேயை விரட்ட, கதாநாயகி பூரண குணமடைந்து கணவனுடன் இன்புற்று வாழ்கிறாள்’ என்பதாகவும் கதையைச் சொல்லி முடித்திருந்தார். நடை நன்றாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? கடைசி வாக்கியம் என்னுடையது.

தம்பிகளே, அப்படி ஒரு முடிவு அந்தப் படத்தில் கிடையவே கிடையாது. அது ஒரு சனிக்கிழமை மாலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த நம் பழைய அச்சுக்கூடத்தில், நின்ற நிலையில் நான் இட்டுக்கட்டியது. உங்கள் ஆள் பழைய கோப்பைப் புரட்டி, அதில் இருந்ததை நம்பி எடுத்துப் போட்டிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. படச்சுருள் இன்று எங்கும் இல்லை, நடித்தவர்களும் இல்லை, என் பொய் மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பட விமர்சனம் எழுதும் முறை பற்றிப் புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். அந்த அரைப் பத்தியைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

பேசும் படம் வரத் தொடங்கி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. பத்திரிகையில் சந்தை நிலவரம், கப்பல் வருகை, கோயில் திருவிழா, பட விமர்சனம் எல்லாமே நான்தான். அன்றைய நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுப் படம் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும். எங்கள் கடைசிப் பக்கம் ஆறு மணிக்கு மூடியாக வேண்டும், ஏனென்றால் வடக்கே ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகிற கட்டுகள் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆகவே விமர்சகன் இடைவேளை வரை பார்ப்பான். மணி அடித்ததும் எழுந்து, கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை ஒரு கையிலும் வேட்டி நுனியை மறு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு ஓடுவான். மீதிக் கதை பாட்டுப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் முழுக் கதையும் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இருக்காது. கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்பாள், வில்லன் கத்தியை ஓங்குவான், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிந்துவிடும். முடிவைச் சொல்லாமல் விமர்சனம் எழுதும் வித்தை எங்கள் எல்லோருக்கும் கைவந்திருந்தது. எவனும் இதை மோசடி என்று நினைக்கவில்லை. தொழில் என்றுதான் நினைத்தோம்.

இப்போது ராமையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவன். எழுத்துப் பைத்தியம். செந்தூல் வட்டாரத்துப் பந்தாட்டம், கோயில் விசேஷம், கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, வாரா வாரம் திங்கட்கிழமை வேலை முடிந்த கையோடு ஆபீசில் கொண்டுவந்து கொடுப்பான். சம்பளம் கிடையாது. ‘நமது செந்தூல் நிருபர்’ என்று அச்சில் வந்தால் போதும், அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடே வேண்டாம். அவன் மனைவி அஞ்சலை. அவர்களுக்கு ஆண் பிள்ளை பிறந்து தொட்டில் போட்ட அன்று நானும் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

“பேப்பர்ல போடுவீங்களாண்ணே, எங்க புள்ள பேர?” என்று பாயசத்தை ஊற்றிக்கொண்டே அஞ்சலை கேட்டாள்.

போட்டேன். அதை வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பதாக ராமையா சொன்னான். அந்த வீட்டில் எங்கள் பத்திரிகைக்குச் சாமிக்கு அடுத்த இடம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ராமையா செய்தி எழுதிய தாளைக் கொடுத்த பிறகும் போகாமல் என் மேசை அருகே நின்றுகொண்டிருந்தான். என்னடா என்றேன்.

“தொட்டில் ஆடுற சத்தம் கேக்குதுங்கிறாண்ணே அஞ்சலை. சங்கிலி கிறீச்சுங்குதாம். போய்ப் பாத்தா தொட்டில் அசையாமத்தான் தொங்குது. கழட்டிடலாம்னா கழட்ட விடமாட்டேங்கிறா.”

அவன் அக்கா ஒருத்தி அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும் கோடாங்கியிடம் அழைத்துப் போய்ப் பேயை ஓட்ட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசரோ வேறு விதமாகச் சொல்லியிருந்தார். பேயும் இல்லை பிசாசும் இல்லை, பிள்ளை போன துக்கம், அழ விடு, அந்தத் தொட்டிலை என்றைக்காவது அவளே தன் கையால் கழற்றட்டும், அதுவரை யாரும் தொடாதீர்கள் என்று. ராமையா இரண்டுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு டிரெசர் சொன்னதில்தான் நம்பிக்கை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன்.

இந்த நிலையில்தான் ‘வெறுந்தொட்டில்’ வந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு, ‘குழந்தை இல்லாத தொட்டில் ஆடுவதேன்?’ என்று செந்தூல் முழுக்க நோட்டீஸ் வீசினார்கள். ராமையா நோட்டீசும் கையுமாக ஓடி வந்தான்.

“அண்ணே, எங்க வீட்டுக் கதையாவே இருக்கு. அஞ்சலைய கூட்டிட்டுப் போலாமா? இல்ல, நானாவது பாக்கட்டுமா?”

“பயந்துடப் போறா. நீயும் பாக்க வேணாம், ராத்திரியெல்லாம் தூங்க மாட்டே. நான் பாத்து எழுதுறேன். படிச்சுட்டு முடிவு பண்ணு” என்றேன்.

நல்ல மனசோடுதான் சொன்னேன். அதுதான் இன்னும் எரிகிறது.

சனிக்கிழமை கொட்டகையில் நல்ல கூட்டம். படம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியும் ஒரு பாட்டுகூட வரவில்லை. அந்நாளில் அது சாப்பாட்டுக் கடையில் சோறு இல்லை என்பதைப் போல. ஒரு வீடு, ஒரு பெண், ஓர் அறை, சாத்திய கதவு. கதவுக்குப் பின்னால் சங்கிலி கிறீச்சிடும் சத்தம். அவள் கதவைத் திறப்பாள், ஒன்றும் இருக்காது. மறுபடி சத்தம். தலைவிரி கோலமாகப் பேய் வரும் என்று காத்திருந்த தரை டிக்கெட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். “பேய் எங்கடா? காச திருப்பிக் குடுங்கடா!” என்று ஒருவன் கத்தினான். பெண்கள் பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள்.

எனக்கும் முதுகில் வியர்த்தது. பேய் தெரியாமலே பயப்படுத்துகிற படத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. இருந்தும் இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிட்டேன். கோடாங்கியை அழைத்துவரக் கணவன் கிளம்பும் இடத்தில் படம் நின்றிருந்தது. ‘கோடாங்கியின் பிரம்புக்கு அந்தப் பேய் பணிந்ததா? தொட்டிலின் ஓசை ஓய்ந்ததா? மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாட்டுப் புத்தகமும் அங்கேயே நின்றது.

ஆபீசுக்கு வந்து அரை மணியில் எழுதி முடித்தேன். நடிப்பு உருக்கம், ஒலிப்பதிவு நன்று, பாட்டுகள் குறைவு. நேர்மையான விமர்சனம்தான், அதுவரை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போர்மேன் மையும் கையுமாக என் மேசைக்கு வந்தார். அச்சுக் கோப்பவர்களுக்கெல்லாம் தலைவர் அவர். அதிகம் பேசாதவர்.

“பத்தியில மூணு வரி குறையுது. வரிக்கு நடுவுல ஈயத் தகடு சொருகி நிரப்பிடவா, இல்ல எழுதித் தர்றீங்களா?”

“தகடு எதுக்கு? நான் இருக்கேன்ல” என்றேன்.

இந்தத் திமிர்தான் தம்பிகளே. எழுதத் தெரிந்தவனின் திமிர். அவரோடு அச்சுக்கூடத்துக்குள் போய், நின்றபடியே ஒரு காகிதத் துண்டில் எழுதினேன். வேப்பிலை, பிரம்பு, பூரண குணம், இன்புற்று வாழ்கிறாள். அந்நாளில் எல்லாப் படமும் மங்களமாகத்தான் முடியும். இது மட்டும் வேறு மாதிரியா முடியப்போகிறது? ராமையா என் நினைவுக்கு வந்தானா என்று நீங்கள் கேட்கலாம். வந்தான். முடிவு நல்லதாக இருந்தால் படிக்கிறவனுக்கு ஆறுதலாக இருக்குமே என்றுகூட நினைத்தேன்.

போர்மேன் துண்டை வாங்கிப் படித்தார். “கடைசி வரைக்கும் பாத்தீங்களா?” என்றார்.

“நேரம் ஆகுது, கோத்துடுங்க” என்றேன்.

அவர் எழுத்துகளைக் கோத்தார். மூன்று வரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் ‘கலவையான வரவேற்பு’ என்று இப்போதெல்லாம் எழுதுகிறீர்கள். செவ்வாய்க்கிழமை போட்டிப் பத்திரிகை சீறியது. புத்திர சோகத்தை வேடிக்கை காட்டிக் காசாக்கும் படம், கர்ப்பிணிகள் பார்த்தால் கரு கலங்கும், இதைப் புகழ்ந்த பத்திரிகைக்கு வெட்கமில்லை என்று. அதை எழுதியவர் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. அவர் எழுந்து போனதை நானே பார்த்தேன். அடுத்து ஒரு கிறிஸ்தவ மாத இதழ், மூட நம்பிக்கையை வேரோடு சாய்க்கும் படம் என்று கொண்டாடியது. அந்த இதழை நடத்தியவர் கொட்டகைப் படியே மிதிக்காதவர், யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தார். ஒருவர் வெட்கக்கேடு என்றார், ஒருவர் சீர்திருத்தம் என்றார், நான் பேயோட்டும் மரபின் பெருமை என்றேன். மூன்று பேரில் ஒருவர்கூட முழுப் படத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆசிரியருக்கோ கொண்டாட்டம். சண்டை என்றால் பத்திரிகை விற்கும். “விடாதேய்யா, பதிலுக்குப் பதில் எழுது” என்றார். எழுதினேன். இரண்டு வாரம் ஆளுக்கு ஆள் சேற்றை வாரி வீசிக்கொண்டோம். வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று, முடிவு நீங்கள் எழுதியபடி இல்லையே, படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டது. ஆசிரியர் அதைக் கசக்கிக் கூடையில் போட்டார். இத்தனைக்கும் நடுவில் படம் கோலாலம்பூரில் நாலே நாள்தான் ஓடியது. பேய் வராத பேய்ப்படத்தைத் தரை டிக்கெட் மன்னிக்கவில்லை.

அந்தக் கடிதம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. படம் கிள்ளானுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். காலியாகக் கிடந்த கொட்டகையில் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன்.

கோடாங்கி வருகிறான். உடுக்கை அடிக்கிறான். பிரம்பால் அடிக்கிறான். அவள் பேயாகக் கத்தவில்லை, ‘என்னை அடிக்காதீர்கள்’ என்று சாதாரணமாக, நம் வீட்டுப் பெண் சொல்வதைப் போலச் சொல்கிறாள். யாரும் கேட்கவில்லை. ஊரே கைகட்டி நிற்கிறது. அவள் செத்துப்போகிறாள். கணவன் தனியாக வீட்டுக்குத் திரும்பி அந்த அறைக்குள் போகிறான். கதவுக்குப் பின்னால் அதே கிறீச். கதவு மெல்லத் திறக்கிறது. உள்ளே அந்தக் கணவனேதான் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். படம் முடிந்தது. பேயோட்டும் மரபின் பெருமை என்று எழுதியிருக்கிறேனே, அட பாவி!

திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு சிறு திருத்தம் போட்டுவிடலாம் என்றேன்.

“திருத்தமா? ரெண்டு வாரமா எதிராளிய ‘படம் பாக்காம எழுதுற பயல்’னு திட்டிக்கிட்டு இருக்கோம். இப்ப நாமளே பாக்கலைன்னு போடச் சொல்றியா? காறித் துப்புவான்யா!”

“முடிவு தப்பு சார்.”

“படத்தோட முடிவு தப்பா இருந்தா யாருக்குய்யா என்ன நட்டம்? யாராவது செத்துடுவாங்களா? போய் வேலையப் பாரு.”

ஆசிரியர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பல வருடம் அப்படித்தான் தப்பித்தேன். ஆனால் அவருக்கு ராமையா வீட்டு விவகாரம் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலையே ராமையா வந்தான். பந்தாட்டச் செய்தியை வைத்தான். முகத்தில் வெகு நாளைக்கப்புறம் ஒரு தெளிவு.

“அண்ணே, அமாவாசைக்குக் கிள்ளானுக்குப் போறோம். நீங்க எழுதுனத அக்காகிட்டயும் அஞ்சலைகிட்டயும் படிச்சுக் காட்டுனேன். அஞ்சலையே சரின்னுட்டா.” கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு கேக்கணும். பட்டறையில ஒருத்தன் சொல்றான், கடைசில அந்தப் பொண்ணு செத்துப் போயிடுதுன்னு. நீங்க நல்லபடியா முடியுதுன்னுதானே எழுதியிருந்தீங்க?”

நான் அவனைப் பார்த்தேன். ஆறடி தூரத்தில் ஆசிரியர் தலையைக் குனிந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார். அவர் பேனா நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் மனதில் ஓடியது. போட்டிப் பத்திரிகையின் செந்தூல் ஆள் ராமையாவின் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே இருந்தான். ராமையாவிடம் உண்மையைச் சொன்னால் பொழுது விடிவதற்குள் அது அந்த ஆள் காதுக்குப் போகும், அவர்களுடைய அடுத்த இதழிலேயே என் மானம் போகும். ராமையாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருந்தால் அவன் உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டான். இவ்வளவும் அவன் வெளியே போன பிறகுதான் தோன்றியது. அப்போது எனக்கு இருந்த நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்.

“அவன் எந்தப் படத்தப் பாத்தானோ!” என்றேன்.

ராமையா சிரித்தான். “அதானே? அச்சுல வந்தது பொய்யாவா இருக்கும்? நான் அவன்கிட்ட அப்பவே சொன்னேண்ணே.”

ஆசிரியரின் பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. செந்தூலுக்குப் போய்ச் சொல்லிவிட நான்கு நாள். முதல் நாள் கப்பல் செய்தி. இரண்டாம் நாள் ஒரு சங்கக் கூட்டம். மூன்றாம் நாள், அவனே மனம் மாறியிருப்பான், டிரெசர் தடுத்திருப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் என்ன செய்தேன் என்பது ஞாபகம் இல்லை. இதற்கு நடுவே, ஆசிரியர் சொன்னபடி போட்டிப் பத்திரிகைக்கு இன்னொரு பதிலும் எழுதினேன். முழுப் படத்தையும் பார்த்த பிறகு நான் எழுதிய ஒரே கட்டுரை அது. அதிலும் அந்த முடிவையே மறுபடி சொன்னேன், இன்னும் அழுத்தமாக. முதல் தடவை எழுதியது அவசரத்தில். இது நிதானமாக, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எழுதியது. நீங்கள் கோப்பில் தேடினால் அதுவும் கிடைக்கும்.

அடுத்த திங்கட்கிழமை ராமையா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போர்மேன் மட்டும் ஒருநாள், “செந்தூல் செய்தி வரலியே?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கை மையைத் துடைத்துக்கொண்டே போனார். அதன் பிறகு என் கட்டுரையில் வரி குறைந்தால் அவர் என்னிடம் வந்து கேட்டதே இல்லை. பேசாமல் ஈயத் தகட்டைச் சொருகிவிடுவார். நான் இத்தனை வருடத்தில் வாங்கிய தண்டனை அது ஒன்றுதான்.

ஏழெட்டு வாரம் கழித்து ராமையா வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வழக்கம்போல் பென்சிலால் எழுதிய தாளை வைத்தான். கோயில் கொடியேற்றம் பற்றிய செய்தி. கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது. அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவனே சொன்னான்.

“பேய் காதுலதான் வந்து உக்காந்திருக்குன்னு சொன்னான்ணே கோடாங்கி. சத்தம் கேக்குதுங்கிறாள்ல? அதனால காதுலயே அடிச்சான். மாறி மாறி. ரத்தம் வந்துச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.”

கொடியேற்றச் செய்தியைத் திருத்துகிறவனைப் போல நான் பேனாவை எடுத்தேன்.

“டிரெசர்கிட்ட காட்டுனேன். ரெண்டு காதும் போச்சுங்கிறாரு. நான் கூப்புட்டாலும் கேக்கல, பட்டறைச் சங்கு ஊதுனாலும் கேக்கல.” கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “தொட்டில் சத்தம் மட்டும் இன்னும் கேக்குதாம்.”

அவன் சண்டைக்கு வரவில்லை. சட்டையைப் பிடித்திருந்தால், காறித் துப்பியிருந்தால், நான் பிழைத்திருப்பேன். பதிலாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து விரித்தான். என் விமர்சனம். சோற்றுப் பசையின் கறை அதன் பின்பக்கத்தில் இருந்தது. பிள்ளை பிறந்த செய்திக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்ததைப் பெயர்த்தெடுத்து வந்திருந்தான். கடைசி மூன்று வரியில் விரலை வைத்தான்.

“அண்ணே, நீங்கதான் முழுசாப் பாத்தீங்க. அதனால கேக்குறேன். கோடாங்கி அடிச்சதுக்கப்புறம் அந்தப் பொண்ணு குணமாக எத்தன நாளாச்சு?”

ஆசிரியர் அன்று ஆபீசில் இல்லை. போட்டிப் பத்திரிகையுடன் சண்டை எப்போதோ ஓய்ந்திருந்தது. என்னைத் தடுக்க யாரும் இல்லை, எதுவும் இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உண்மையைச் சொன்னால், தன் மனைவியைத் தானே கொண்டுபோய் அடிக்கக் கொடுத்தோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்காகத்தான் மறைத்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். எனக்காகத்தான் மறைத்தேன்.

“மூணு மாசம்” என்றேன்.

ராமையா விரல் விட்டு எண்ணினான். “அப்ப தைப்பூசத்துக்குள்ள சரியாயிடும்” என்றான். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “கொடியேத்தச் செய்திய மறக்காமப் போட்டுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

போட்டேன். ‘நமது செந்தூல் நிருபர்’ என்றே போட்டேன். தைப்பூசம் வந்தது, போனது. அதன் பிறகு செந்தூலிலிருந்து செய்தி வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ரயில் ஏறி உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் வந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் போகவில்லை.